பெருமுக்கல் மலையில இருந்து பார்த்தா எங்க மாவட்டம்

முதல் வருஷம் ஹாஸ்டல்ல சேர்ந்த அன்னைக்கு ரூம்மேட் கேட்டான், "உனக்கு எந்த ஊரு?"

"பெருமுக்கல்."

முழிச்சான். "திண்டிவனம் பக்கம்" என்றேன்.

"ஓ, பஸ்ல போகும்போது டீ குடிக்க நிறுத்துவாங்களே, அந்த ஊரா?"

அவன் சொன்னது தப்பில்லை. சென்னையில் இருந்து திருச்சிக்கோ மதுரைக்கோ போகிற பெரும்பாலானவர்களுக்கு எங்க மாவட்டம்னா மூணே விஷயம்தான்: திண்டிவனம் பைபாஸ், விக்கிரவாண்டி டோல்கேட், விழுப்புரம் ஜங்ஷன். பொங்கலுக்கு முந்தின ராத்திரி அந்த டோல்கேட்டில் மணிக்கணக்கா நின்னவங்க கூட, ரோட்டுக்கு ரெண்டு பக்கமும் இருக்கிற ஊர்ல யார் இருக்காங்கன்னு யோசிச்சிருக்க மாட்டாங்க. உண்மையைச் சொன்னா நானும் யோசிச்சதில்லை. பன்னிரண்டாவது வரை இங்கிலீஷ் மீடியம். அமெரிக்காவின் புல்வெளிகளைப் பத்தி ஐந்து மார்க் பதில் எழுதத் தெரியும். எங்க ஊர்ப் பக்கம் ஓடுற சங்கராபரணி ஆறு எங்க இருந்து வருதுன்னு கேட்டா தெரியாது.

இந்தக் கட்டுரை அந்த வெட்கத்தில் இருந்து பிறந்ததுதான்.

64 பேர் இருக்கிற ஒரு கவுன்ட்டி

ஏழாவது செமஸ்டரில் ஜிஐஎஸ் எலெக்டிவ் எடுத்தேன். கம்ப்யூட்டரில் மேப் போட்டு, அதன் மேல மக்கள்தொகை, மழை, ரோடு எல்லாத்தையும் அடுக்கடுக்கா வைக்கிற பாடம். பழகுறதுக்குக் கொடுத்த மாதிரி டேட்டா அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் இருக்கிற லவிங் கவுன்ட்டி. கவுன்ட்டின்னா கிட்டத்தட்ட நம்ம மாவட்டம் மாதிரி.

2020 சென்சஸ்படி அந்தக் கவுன்ட்டியின் மொத்த மக்கள்தொகை 64. ஆயிரமோ லட்சமோ இல்லை, வெறும் அறுபத்து நாலு பேர். நிலப்பரப்பு 1,700 சதுர கிலோமீட்டருக்கு மேல். அதாவது ஆளுக்கு 27 சதுர கிலோமீட்டர்! எங்க ஹாஸ்டல் மெஸ் க்யூவில் காலையில் நிக்கிற கூட்டம் அதைவிட அதிகம். 1893-ல் நிர்வாகம் அமைச்சு, 1897-ல் கலைச்சு, 1931-ல் மறுபடி நிர்வாகம் அமைச்ச கவுன்ட்டி அது. 2010-ல் 82 பேர் இருந்தாங்க, பத்து வருஷத்தில் 18 பேர் குறைஞ்சிருக்காங்க. இது எல்லாமே பதிவில் இருக்கு.

அடுத்த அசைன்மென்ட் "இதையே உங்க சொந்த மாவட்டத்துக்குப் பண்ணுங்க". ஒரே ராத்திரி வேலைன்னு நினைச்சு உட்கார்ந்தேன். மேப் ஓப்பன் ஆச்சு. பார்த்தா கள்ளக்குறிச்சி இன்னும் எங்க மாவட்டத்துக்குள்ளேயே இருக்கு. 2019-ல் பிரிஞ்சு போன மாவட்டம், கல்வராயன் மலை உட்பட முழுசா அப்படியே உட்கார்ந்திருக்கு. எல்லைக்கோட்டை மாத்தி வரைஞ்சேன், ஆனா உள்ள போடுற எண் பழசு. எண்ணை மாத்தலாம்னு பார்த்தா புது எண்ணே கிடையாது.

ஒரு மாவட்டத்தை அறிமுகப்படுத்த மூணு விஷயம் சொல்லணும்: எப்படிப்பட்ட நிலம், என்ன நடந்துச்சு, எத்தனை பேர். இந்த மூணில் கடைசிக் கேள்விக்குத்தான் எங்க மாவட்டத்தில் இன்னைக்கு நேரான பதில் இல்லை. அது ஏன்னு சொல்றதுக்கு முன்னாடி முதல் ரெண்டையும் பார்த்துடலாம். மலை மேல ஏறினா சுலபமா புரியும், வாங்க.

நிலம்: நாலு திசையிலும் நாலு விதம்

திண்டிவனத்தில் இருந்து மரக்காணம் போற ரோட்டில் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் வந்தா பெருமுக்கல். தட்டையான வயலுக்கு நடுவில் திடீர்னு ஒரு பாறைக் குன்று. உயரம் பெருசா ஒண்ணும் இல்லை. ஆனா சுத்திலும் வேற உயரமே இல்லாததால் ஊருக்கு அது மலைதான். மேலே முக்தியாசலேஸ்வரர் கோயில், சோழர் காலத்துக் கல்வெட்டுகள், இடிஞ்சு கிடக்கிற கோட்டைச் சுவர். ஊர்க்காரங்க சீதை குகைன்னு சொல்ற ஒரு பாறை இடுக்கு இருக்கு. அதன் உள்ளே பாறையில் செதுக்கின பழங்காலக் கீறல்கள். சின்ன வயசில் ஆயா கூடப் போகும்போது "யாரு ஆயா இதெல்லாம் கிறுக்கி வெச்சது?"ன்னு கேட்டிருக்கேன். "எழுதப் படிக்கத் தெரியாத காலத்துல எழுதினது, பேசாம வா" என்று சொன்னாங்க. தொல்லியல் படிச்சவங்க விளக்கமும் இதுல இருந்து ரொம்ப தூரம் இல்லைன்னு பின்னாடிதான் தெரிஞ்சுது.

மேல நின்னு கிழக்கே பாருங்க. நிலம் தாழ்ந்துகிட்டே போய் கழுவெளியில் முடியும். பழவேற்காட்டுக்கு அடுத்து தமிழ்நாட்டின் பெரிய உவர்நீர் ஏரி இதுதான். எடையன்திட்டுக் கழிமுகம் வழியா கடலோடு சேருது. மழைக்காலத்தில் நல்ல தண்ணி நிறையும், கோடையில் உப்பு ஏறும். குளிர்காலத்தில் வெளிநாட்டுப் பறவைகள் வரும். 2021 டிசம்பரில் இதைப் பறவைகள் சரணாலயமா அறிவிச்சாங்க, பரப்பு 5,000 ஹெக்டேருக்கு மேல். அதைத் தாண்டினா மரக்காணம் உப்பளம், அப்புறம் வங்காள விரிகுடா. மாவட்டத்தின் கடற்கரை மரக்காணத்தில் இருந்து கோட்டக்குப்பம் வரை, புதுச்சேரி வாசல் வரைக்கும் நீளுது.

தெற்கே வானூர்ப் பக்கம் செம்மண். அங்கே திருவக்கரையில் கல்லா மாறிப்போன மரங்கள் கிடக்கு, சுமார் 2 கோடி வருஷப் பழசு. 1781-லேயே சொன்னெரா என்கிற பிரெஞ்சு இயற்கை ஆய்வாளர் இதைப் பத்திக் குறிப்பு எழுதியிருக்கார். நிறையப் பேர் புதுச்சேரிக்கு வீக்எண்ட் போறீங்க, அரை மணி நேரம் கூடுதலா ஒதுக்கினா அதையும் பார்த்துட்டு வரலாம்.

மேற்கே திண்டிவனம், மயிலம், அதுக்கு அப்பால் செஞ்சி மலைகள். கல்லை அடுக்கி வெச்ச மாதிரி மொட்டைப் பாறைக் குன்றுகள். வடக்கே போனா செங்கல்பட்டு மாவட்ட எல்லை.

இந்த மேற்கு கிழக்கு வித்தியாசம் வெறும் காட்சி இல்லை, தண்ணியோட கதை. மேற்கில் அடியில் கெட்டிப் பாறை. பாறை வெடிப்பில் இருக்கிற தண்ணிதான் கிணத்துக்கு வரும், நாலு வருஷம் மழை பொய்ச்சா கிணறு காலி. கிழக்கில் வானூர்ப் பக்கம் மணற்கல் அடுக்கு, அது பஞ்சு மாதிரி தண்ணியைப் பிடிச்சு வெக்கும். அங்கே போர் போட்டா தண்ணி கிடைக்கும். ஆனா அளவு மீறி உறிஞ்சினா கடல் பக்கம் இருந்து உப்புத் தண்ணி உள்ள வரும். ஒரே மாவட்டத்தில் ஒரு பக்கம் தண்ணி இல்லாத பிரச்சினை, இன்னொரு பக்கம் தண்ணி உப்பாகிற பிரச்சினை.

ஆறுகள் எல்லாமே மழை பெய்தா மட்டும் ஓடுறவை. செஞ்சி மலைப் பக்கம் பிறந்து புதுச்சேரிக்குத் தெற்கே கடலில் சேருது சங்கராபரணி, வராக நதின்னும் சொல்வாங்க. அதன் குறுக்கேதான் வீடூர் அணை. தெற்கு ஓரத்தில் தென்பெண்ணை. ஆறு நம்ப முடியாததால்தான் இந்தப் பக்கம் ஊருக்கு ஊர் ஏரி. ஏரி நிறைஞ்சா நெல், கரும்பு. நிறையலைன்னா மல்லாட்டை, உளுந்து, தர்பூசணி. மல்லாட்டைன்னா வேர்க்கடலைதான். "மணிலாக் கொட்டை" எங்க பேச்சில் தேய்ஞ்சு இப்படி ஆயிடுச்சு. தென் அமெரிக்காவில் பிறந்த இந்தச் செடி, 19-ம் நூற்றாண்டில் இந்த மண்ணில் விளைஞ்சு புதுச்சேரித் துறைமுகம் வழியா பிரான்ஸின் மார்செய் வரை எண்ணெய் ஆட்டப் போயிருக்கு. இந்தியா முழுக்க விவசாயிகளுக்குத் தெரிஞ்ச கடலை ரகம் டிஎம்வி 2. அந்த டிஎம்வி-க்கு அர்த்தம் திண்டிவனம்! இங்கே இருக்கிற எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையம் உருவாக்கின ரகங்களுக்கு வைக்கிற பேர் அது.

வருஷ மழை சராசரியா நூறு சென்டிமீட்டர் சொச்சம், பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பருக்குள். சராசரி எவ்வளவு ஏமாத்தும்னு 2024-ல் பார்த்தோம். நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி பக்கம் கரை கடந்தப்போ, மயிலத்தில் ஒரே நாளில் சுமார் 50 சென்டிமீட்டர் மழை. அரை வருஷ மழை 24 மணி நேரத்தில்! அது வடியுறதுக்குள்ள சாத்தனூர் அணையில் இருந்து தென்பெண்ணையில் ஒன்றரை லட்சம் கன அடிக்கு மேல் தண்ணி வந்துச்சு. சென்னை திருச்சி நெடுஞ்சாலையே மூழ்கிப்போச்சு. இந்த வெள்ளத்துக்குக் கட்டுரையின் கடைசியில் திரும்ப வருவேன்.

வரலாறு: நாங்க நகரலை, கோடுதான் நகர்ந்துச்சு

சங்க காலத்தில் இந்தப் பகுதிக்கு ஓய்மா நாடுன்னு பேர். நல்லியக்கோடன் என்கிற தலைவன் ஆண்டான். அவனைப் பாடினதுதான் பத்துப்பாட்டில் இருக்கிற சிறுபாணாற்றுப்படை. அவன் ஊரான கிடங்கில்தான் இன்னைக்குத் திண்டிவனம் டவுனுக்குள் இருக்கிற கிடங்கல். அதில் வர்ற எயிற்பட்டினம் மரக்காணம்னு அறிஞர்கள் சொல்றாங்க. திண்டிவனம் என்கிற பேரே திந்திரி வனம், அதாவது புளியங்காடு.

அப்புறம் பல்லவர். செங்கல், மரம், உலோகம், சுண்ணாம்பு எதுவும் இல்லாம கோயில் கட்டினேன்னு மகேந்திரவர்மன் கல்வெட்டில் பதிஞ்சு வெச்ச மண்டகப்பட்டு குடைவரை எங்க மாவட்டத்தில்தான் இருக்கு. சோழர், விஜயநகரம், செஞ்சி நாயக்கர், 1677-ல் சிவாஜி, எட்டு வருஷ முற்றுகைக்குப் பிறகு 1698-ல் முகலாயர், 1714-ல் செத்துப்போன தேசிங்கு, 1750-ல் பிரெஞ்சுக்காரர், 1761-ல் ஆங்கிலேயர்னு செஞ்சிக் கோட்டை கை மாறிகிட்டே இருந்துச்சு. 2025 ஜூலையில் யுனெஸ்கோ, மராத்திய ராணுவ நிலப்பரப்புகள் என்ற பேரில் 12 கோட்டைகளை உலகப் பாரம்பரியச் சின்னமா அறிவிச்சதில் தமிழ்நாட்டுக் கோட்டை செஞ்சி மட்டும்தான்.

எங்க பெருமுக்கலுக்கும் இதில் ஒரு சின்னப் பங்கு இருக்கு. 1760 ஜனவரியில் வந்தவாசியில் பிரெஞ்சுத் தளபதி லாலியை ஆங்கிலேயத் தளபதி அயர் கூட் தோற்கடிச்சார். அங்கிருந்து புதுச்சேரியைப் பிடிக்க வர்ற வழியில் குறுக்கே நின்ன கோட்டைகளில் ஒண்ணு இது. அந்த வருஷமே அதைப் பிடிச்சாங்க. இருபது வருஷம் கழிச்சு ஹைதர் அலியோட சண்டை. 1782-ல் கடலூர் விழுந்த கையோடு பெருமுக்கலும் பிரெஞ்சு, ஹைதர் படைகளிடம் சரணடைஞ்சுது. பழைய ஆங்கிலப் புத்தகங்களில் தேடினா "பெருமுக்கல்" கிடைக்காது. "பெர்மாக்கோயில்" என்று போட்டிருப்பாங்க. முதல் தடவை பார்த்தப்போ அது எங்க ஊர்னே எனக்குத் தெரியலை.

1801-ல் கர்நாடக நவாபிடம் இருந்து கம்பெனி கைக்கு எல்லாம் போனதும் தென்னாற்காடு மாவட்டம் வந்துச்சு. தலைநகரம் கடலூர். அதுக்கப்புறம் நடந்ததை எங்க வீட்டு இரும்புப் பெட்டியே சொல்லும்.

தாத்தா சர்டிபிகேட்டில் தென்னாற்காடு மாவட்டம். அப்பாவுக்கும் தென்னாற்காடுதான். 1993 செப்டம்பர் 30-ல் மாவட்டத்தை ரெண்டாப் பிரிச்சப்போ கடலூர்ப் பக்கம் தென்னாற்காடு வள்ளலார் மாவட்டம் ஆச்சு. எங்க பக்கம் விழுப்புரம் ராமசாமி படையாட்சியார் மாவட்டம் ஆச்சு. 1995-ல் பிறந்த பெரியப்பா பையன் சர்டிபிகேட்டில் அந்த நீளமான பேர். 1997-ல் தமிழ்நாடு முழுக்க மாவட்டங்களுக்கு இருந்த தலைவர்கள் பேரை எடுத்துட்டாங்க, அதனால் எனக்கு வெறும் விழுப்புரம். 2019 நவம்பர் 26-ல் கள்ளக்குறிச்சி தனி மாவட்டம் ஆனது. பேர் அதே விழுப்புரம், ஆனா பாதி நிலம் போயிடுச்சு.

மூணு தலைமுறையா ஒரே தெருவில் இருக்கோம். ஆனா பெட்டியில் இருக்கிற காகிதத்தைப் பார்த்தா நாங்க ஊர் ஊரா குடிபெயர்ந்த குடும்பம் மாதிரி தெரியும்.

மக்கள்: 34 லட்சமா, 21 லட்சமா?

சரி, இப்போ அசைன்மென்ட்டுக்கு வரேன்.

2011 சென்சஸ்படி விழுப்புரம் மாவட்ட மக்கள்தொகை 34,58,873. 2001-ல் 29,60,373. பத்து வருஷத்தில் கிட்டத்தட்ட 17 சதவீதம் கூடியிருக்கு. அப்போ பரப்பளவில் தமிழ்நாட்டின் பெரிய மாவட்டம் இதுதான், 7,200 சதுர கி.மீ. அளவு. கூகுளில் தேடினா இன்னைக்கும் முதலில் வர்ற எண் பெரும்பாலும் இந்த 34 லட்சம்தான். ஆனா அது கள்ளக்குறிச்சியையும் சேர்த்தது. அதைக் கழிச்சா இன்றைய விழுப்புரத்தின் பரப்பு சுமார் 3,725 சதுர கி.மீ., மக்கள் சுமார் 20.9 லட்சம்.

கழிக்கிறது ஈஸின்னு நினைச்சேன். 2011-ல் மாவட்டத்தில் எட்டு தாலுகா: செஞ்சி, திண்டிவனம், வானூர், விழுப்புரம், திருக்கோவிலூர், உளுந்தூர்பேட்டை, சங்கராபுரம், கள்ளக்குறிச்சி. முதல் நாலைக் கூட்டினா விடை வந்துடணும் இல்லையா? வராது. ஏன்னா தாலுகா எல்லையிலேயே கத்தி வெச்ச மாதிரி மாவட்டத்தைப் பிரிக்கலை. பழைய திருக்கோவிலூர்ப் பக்கத்தில் கண்டாச்சிபுரம், திருவெண்ணெய்நல்லூர் எங்க பக்கம் நின்னுடுச்சு, திருக்கோவிலூர் டவுன் அந்தப் பக்கம் போயிடுச்சு. நடுவில் மேல்மலையனூர், விக்கிரவாண்டி, மரக்காணம்னு புதுத் தாலுகாக்கள் வேற, இப்போ மொத்தம் ஒன்பது. அதனால் கிராமம் கிராமமா எடுத்து, எது எந்தப் பக்கம்னு பார்த்துதான் கூட்டணும். ஒரே ராத்திரி வேலைன்னு உட்கார்ந்தது மூணு வாரம் இழுத்துச்சு.

ஆனா அந்த மூணு வாரத்தில்தான் ஒரு விஷயம் புரிஞ்சுது. கோடு மாறினா எண் மட்டும் மாறாது, அந்த எண் சொல்ற கதையே மாறும்.

பழைய மாவட்டத்தில் பழங்குடியினர் சுமார் 75 ஆயிரம் பேர், மொத்தத்தில் 2.2 சதவீதம். அதில் பெரிய கூட்டம் கல்வராயன் மலையில் இருக்கிற மலையாளிப் பழங்குடிகள். கள்ளக்குறிச்சி பிரிஞ்சதும் மலையும் அவங்களும் அந்தப் பக்கம். இந்தப் பக்கம் மீதி இருக்கிறவங்க பெரும்பாலும் இருளர்கள். மலையில் ஒரே இடத்தில் சேர்ந்து இருக்கிறவங்க இல்லை இவங்க. ஏரிக்கரையில் நாலு வீடு, வாய்க்கால் ஓரத்தில் பத்து வீடுன்னு சமவெளி முழுக்கச் சிதறி இருக்காங்க. "மாவட்டத்தில் 2.2 சதவீதம் பழங்குடி"ன்னு பழைய எண்ணை வெச்சு இன்னைக்குத் திட்டம் போட்டா, அது இங்கே இல்லாத மலைக்குப் போடுற திட்டம்.

எழுத்தறிவும் அப்படித்தான். 2011-ல் மாநில சராசரி 80 சதவீதம், எங்க மாவட்டம் 71.88 சதவீதம். நகரத்தில் இருக்கிறவங்க மாநிலத்தில் 48 சதவீதம், எங்ககிட்ட 15 சதவீதம்தான். நூத்துக்கு எண்பத்தஞ்சு பேர் கிராமம். விழுப்புரம் டவுனே அப்போ ஒரு லட்சம் பேரைத் தொடலை (சுமார் 96 ஆயிரம்), திண்டிவனம் சுமார் 73 ஆயிரம். பட்டியல் சாதியினர் பழைய மாவட்டத்தில் 29 சதவீதத்துக்கு மேல், மாநில சராசரி 20. இந்த எண்கள் எல்லாம் நான் ஏழு வயசுப் பையனா இருந்தப்போ எடுத்தவை. இப்போ எனக்கு 21.

எண் என்பது எங்க மாவட்டத்தில் வெறும் புள்ளிவிவரமா இருந்ததே இல்லை. 1978-ல் விழுப்புரம் டவுனில் நடந்த வன்முறையில் 12 தலித்துகள் கொல்லப்பட்டாங்க. 1987 செப்டம்பரில் வன்னியர் இடஒதுக்கீட்டுப் போராட்டம் வட மாவட்டங்களை உலுக்குச்சு, 21 பேர் உயிரிழந்தாங்க. 1989-ல் மிகவும் பிற்படுத்தப்பட்டோருக்கு 20 சதவீத ஒதுக்கீடு வந்துச்சு. அந்தப் போராட்டத்தில் எல்லாரும் கேட்டது "எங்க ஆளுங்க எத்தனை பேர், எங்களுக்கு எத்தனை சீட்" என்பதுதான். ஆனா முழுசா சாதி வாரியாக் கணக்கெடுத்து வெளியிட்ட கடைசி சென்சஸ் 1931. வெள்ளைக்காரன் காலத்து எண்ணை வெச்சுத்தான் இத்தனை வருஷமும் எல்லாரும் சண்டை போட்டிருக்கோம்.

இங்கே அமெரிக்காவோட இன்னொரு தொடர்பைச் சொல்லணும். 1890-களில் திண்டிவனத்தில் மிஷனரி டாக்டராக இருந்தவர் ஜான் ஸ்கடர். அவர் மகள் ஐடா ஸ்கடர் அப்பா அம்மாவைப் பார்க்க அமெரிக்காவில் இருந்து வந்திருந்த இளம்பெண், டாக்டர் இல்லை. ஒரே ராத்திரியில் மூணு வீட்டு ஆண்கள் அடுத்தடுத்து வந்து பிரசவத்தில் கஷ்டப்படுற மனைவிக்கு உதவி கேட்டாங்க. ஆனா ஆண் டாக்டரை அனுப்ப ஒத்துக்கலை. மூணு பெண்களும் இறந்துட்டாங்க. திரும்பிப் போய் மருத்துவம் படிச்சு வந்த ஐடா கட்டினதுதான் வேலூர் சிஎம்சி. அந்த மூணு பெண்களின் பேர் கூட எந்தக் கதையிலும் வராது. அன்னைக்கு அவங்க கதவைத் தட்டலைன்னா, அவங்க இறந்ததே யாருக்கும் தெரிஞ்சிருக்காது.

16 வருஷ இடைவெளி

அமெரிக்காவில் 1790-ல் இருந்து பத்து வருஷத்துக்கு ஒரு தடவை சென்சஸ், கொரோனா வந்த 2020-லும் எடுத்தாங்க. அதனால்தான் லவிங் கவுன்ட்டியின் 64 பேரையும் சொல்ல முடியுது. இந்தியாவில் 1881-ல் இருந்து உலகப் போர் நடந்த 1941-ல் கூட விடாம எடுத்தோம். 2021-ல் எடுக்கலை. இப்போ 2027 மார்ச் 1-ஐக் கணக்கு நாளா அறிவிச்சிருக்காங்க. 1931-க்குப் பிறகு முதல் முறையா இதில் எல்லாருடைய சாதியும் கணக்கெடுக்கப்படும்.

"எண்ணுனா என்ன, எண்ணாட்டி என்ன மச்சி"ன்னு ரூம்மேட் கேட்டான். அதுக்குப் பதில்: உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் ஒரு மாநிலத்துக்கு எத்தனை பேருக்கு மத்திய அரசு அரிசி என்பது இன்னைக்கும் 2011 சென்சஸ் வெச்சுத்தான். எந்த ஊராட்சி பட்டியல் சாதிக்கு ஒதுக்கீடு, எத்தனை வார்டு என்பதும் சென்சஸ் எண்ணை வெச்சுத்தான். 2011-க்குப் பிறகு பிறந்த ஒரு குழந்தை இப்போ ஒன்பதாவது படிக்கும். ஆனா நாட்டோட கணக்கில் அது இன்னும் பிறக்கவே இல்லை.

ஃபெஞ்சல் வெள்ளத்துக்குத் திரும்ப வரேன்னு சொன்னேன் இல்லையா? அப்போ விழுப்புரம், கடலூர், கள்ளக்குறிச்சியில் பாதிக்கப்பட்ட குடும்பங்களுக்கு அரசு 2,000 ரூபாய் கொடுத்துச்சு, ரேஷன் கார்டு வெச்சுத்தான். எங்க வீட்டுக்கும் வந்துச்சு. எங்க வீட்டில் திண்ணை வரைக்கும்தான் தண்ணி. எங்க ஊர்ப் பக்கம் ஏரிக்கரையில் குடிசை போட்டிருந்த ஒரு குடும்பத்துக்கு மொத்தமும் போச்சு. கார்டு இல்லாததால் அவங்களுக்குக் கிடைக்கலை. வருஷத்தில் பாதி நாள் செங்கல் சூளையில் இருக்கிறவங்க. கார்டுக்கு முகவரி கேட்டா எந்த முகவரியைச் சொல்வாங்க? ஆயாதான் ஒரு வாரம் சோறு கொடுத்து அனுப்பினாங்க. அந்த அம்மா என்கிட்ட, "தம்பி, நீ கம்பூட்டர்ல படிக்கிறியே, இதுக்கு எங்க எழுதிப் போடணும்?"னு கேட்டாங்க. எனக்குத் தெரியலைம்மான்னு சொல்லிட்டேன்.

இதில் நான் பயப்படுற விஷயம் ஒண்ணு இருக்கு. ஆட்களை எண்ணுற வேலை 2027 பிப்ரவரியில். செங்கல் சூளை சீசன் பொங்கலுக்குப் பிறகுதான் சூடு பிடிக்கும். சரியா அந்த மாசம் அந்தக் குடும்பங்கள் ஊரில் இருக்காது. விதிப்படி சூளையிலேயே அவங்களை எண்ணணும். ஆனா சூளை ஊருக்கு வெளியே, கேட்டுக்கு உள்ளே. யாராவது போய்க் கேட்டாத்தான் உண்டு. "அந்த ஊர்ல எண்ணியிருப்பாங்க"ன்னு இங்கேயும், "சொந்த ஊர்ல எண்ணியிருப்பாங்க"ன்னு அங்கேயும் விட்டுட்டா, ரெண்டு இடத்திலும் இல்லாம போயிடுவாங்க. டெக்சாஸில் பாலைவனத்துக்கு நடுவில் இருக்கிற 64-வது ஆள் வரை எண்ண முடியுது. ஒரு சதுர கிலோமீட்டரில் 560 பேர் நெருக்கிகிட்டு வாழ்ற எங்க மாவட்டத்தில் ஒரு குடும்பத்தை விட்டுடுறது ரொம்ப ஈஸி.

அதனால் இதைப் படிக்கிற உங்ககிட்ட ரெண்டே விஷயம் கேக்கறேன். ஒண்ணு, சென்சஸ் ஆள் வீட்டுக்கு வரும்போது அப்பா அம்மாவை மட்டும் பேச விடாம நீங்களும் பக்கத்தில் உட்காருங்க. நாம சென்னையில் ஹாஸ்டலில் இருக்கோமா, ஊரில் இருக்கோமா என்பதையே பாதி வீட்டில் தப்பா சொல்லுவாங்க. ரெண்டு, அவர் கிளம்பும்போது "எங்க ஏரிக்கரை வீடுகளுக்குப் போனீங்களா சார், சூளைக்குப் போனீங்களா?"ன்னு ஒரு வார்த்தை கேளுங்க. பெரும்பாலும் ஒரு ஸ்கூல் டீச்சர்தான் வருவார். கேட்டா கோவிச்சுக்க மாட்டார், வழி காட்டினா சந்தோஷப்படுவார்.

என் அசைன்மென்ட் முடிஞ்சுது. கிராமம் கிராமமா கூட்டி வரைஞ்ச மேப்பை புரொஜெக்டரில் போட்டப்போ கள்ளக்குறிச்சி சரியா வெளியே நின்னுச்சு, கழுவெளி நீலமா வந்துச்சு, பெருமுக்கல் ஒரு புள்ளி. ரூம்மேட் கிட்ட வந்து ஸ்கிரீனைப் பார்த்துட்டு, "டோல்கேட்டுக்கு இந்தப் பக்கம் இவ்ளோ ஊரு இருக்காடா?" என்றான். ஏரிக்கரைக் குடிசை இருந்த இடத்தில் நானும் ஒரு புள்ளி வெச்சிருந்தேன். எந்த டேட்டாவிலும் அது இல்லை. லெஜெண்டில் அதுக்கு என்ன பேர் போடுறதுன்னு தெரியாம, "வீடு"ன்னு மட்டும் போட்டேன்.